பொருள்: பார்வை:

பொருள்:
பொது வரிசையில் இருந்த நாற்பத்தொரு ஆவணங்கள்
ஒரே அழுத்தில் அழிந்தது தொடர்பாக.

பார்வை:
இந்த இடத்தில் கணினியின் குரல் கொஞ்சம் நிற்கும்,
நானும் நிற்பேன்.
எல்லா அரசுக் கடிதத்துக்கும் ஒரு பார்வை உண்டு.
இதற்கு, தங்களின் நேற்றைய குறிப்பாணை.
அது காகிதத்தில் வந்தது.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.
உள்ளே என்ன இருக்கிறதென்று
சிக்கந்தர் வாசித்துச் சொன்ன பிறகுதான்
கோபமே வந்தது.

ஐயா,

பழைய பிரிண்டருக்கு உடம்பு இருந்தது.
ஒரு பட்டன் மேடு, ஒரு பட்டன் பள்ளம்.
தாள் சிக்கினால் கரகரக்கும்,
மை தீர்ந்தால் இருமும்.
புதியதன் முகம் கழுவிக் கவிழ்த்த தட்டு.
எங்கே தொட்டாலும் ஒரே வழுக்கல்.
நாலு மூலைக்கும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிப் பார்த்தேன்.
பொட்டு அங்கேயே இருக்கிறது,
அதற்கு அடியில் பக்கங்கள்
மாறி மாறிப் போகின்றனவாம்.

சரி, மேசையிலிருந்தே அனுப்பலாமென்று
மென்பொருளைத் திறந்தால்
குரல் சொல்கிறது:
பட்டன். பட்டன். பட்டன்.
பட்டன்.
பேர் கேட்டால் எல்லாரும்
'உள்ளேன் ஐயா' என்று மட்டும் சொல்கிற வகுப்பறை.
எண்ணிப் பழகினேன்.
எட்டாவது அச்சிடும்.
ஏழாவது ஏதோ கேட்கும், பதில் சொல்லக் கூடாது.
இப்படியே ஐந்து மாதம்,
இரண்டாயிரத்துச் சொச்சம் சான்றிதழ்,
வருமானம், சாதி, இருப்பிடம்,
ஒன்றும் பிசகவில்லை.

திங்கள் இரவு
எந்த ஊரிலோ எவரோ மென்பொருளைப் புதுப்பித்து
நடுவில் ஒரு பட்டனைச் செருகிவிட்டார்கள்.
செவ்வாய்க் காலை
எட்டாவது இடத்தில் இருந்தது வேறொன்று.
ஜமாபந்திக் கணக்கும் அதில் போனது.

தாங்கள் உசிலம்பட்டிக்காரர் இல்லை,
ஆனாலும் இங்கே வந்த இரண்டு வருடத்தில்
எத்தனை காதுகுத்துக்குப் போயிருப்பீர்கள்.
பேர் எழுதாமல் வைத்த மொய்
கணக்கிலும் வராது, திரும்பியும் வராது.
பேரில்லாத பட்டனை
நான் தினமும் அப்படித்தான் அழுத்தினேன்.

கம்பெனி ஆள் துளசிராம் மதுரையிலிருந்து வந்தார்.
"இப்ப எல்லாமே கண்ணாடிதாங்க" என்றார்.
சிக்கந்தர் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து
"எனக்கு என்ன தெரியுதுன்னு கேளுங்க" என்றார்.
"என்ன சார் தெரியுது?"
"டியூப்லைட்."
திரை கூரையைப் பார்த்துப் படுத்திருக்கிறது,
அவர் தலை உயரத்தில்.
துளசிராம் முட்டி போட்டுப் பார்த்தார்.
கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

பிரிவில் சிரித்தாய்ங்க.
நொண்டியும் குருடனும் கதைதான் இருக்கே,
ஒருத்தரை ஒருத்தர் தூக்கிக்கங்க.
மூன்றாம் வகுப்பில் நானும் கேட்ட கதை.
தூக்கியவனைப் பாராட்டினார்கள்,
ஏறி உட்கார்ந்தவனையும் பாராட்டினார்கள்.
பாதையைக் குழியும் மேடுமாகப் போட்டவனுக்கு
அந்தக் கதையில் யாரும்
மெமோ கொடுக்கவில்லை.

ஆகவே என் விளக்கம்:
கவனக்குறைவு நடந்தது உண்மை.
அது என்னுடையது அல்ல.
அடுத்த கொள்முதல் பட்டியலில்
நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்ற வரிக்குக் கீழே
சாய்கிற திரை, பேசுகிற திரை,
விரலுக்குத் தட்டுப்படுகிற ஒரு பட்டனாவது,
பட்டன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர்
என்று சேர்க்கும்படி பணிவுடன்.

இப்படிக்கு,
மூ. பேச்சி,
இளநிலை உதவியாளர்.

நகல்: சிக்கந்தருக்கு ஒன்று. எனக்கு ஒன்று.

அச்சுக்கு அனுப்பும்போது காதில் ஒரு வித்தியாசம்,
துளசிராம் வேலையோ என்னவோ:
பட்டன். பட்டன். பட்டன்.
ரத்து.
பட்டன்.
ஒன்றுக்குப் பேர் வந்திருக்கிறது.
அதற்கு அடுத்ததை அழுத்தினேன்.

தாள் சூடாக வந்தது.
எழுத்து விழுந்திருக்கிறதா என்று
இனிமேல்தான் யாரிடமாவது கேட்க வேண்டும்.